சின்னத் துரையின் காருக்கு நான் போட்ட ஸ்பிரிங்

ஒரு காரைத் தாழ்த்துவது பெரிய வித்தை இல்லை. தெரிந்தவன் கையில் கொடுத்தால் நாலு நாளில் தரையோடு தரையாக இறக்கிக் கொடுத்துவிடுவான். எனக்குத் தெரிந்திருந்தது; அதுதான் வினை. "தெரியாது துரை" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு போயிருந்தால் என் அக்காள் புருஷன் மலாயாவின் இந்தக் கெடா மண்ணிலேயே தலை நரைத்து, பேரப்பிள்ளைகளைத் திட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு எண்பதைத் தாண்டிவிட்டது. இனியும் இதை மென்று விழுங்கிக்கொண்டிருக்கத் தெம்பில்லை. எழுதிவிடுகிறேன்.

புக்கிட் செலம்பாவிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர் தோட்டம் எங்களுடையது. எங்களுடையது என்று பேச்சுக்குச் சொல்கிறேன். தோட்டம் கம்பெனிக்காரனுடையது, பால் வெட்டிய கைகள்தான் எங்களுடையவை. நான் பால் வெட்டப் போகவில்லை. தோட்டத்து ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இருபத்தாறு வயது, கல்யாணம் ஆகவில்லை. அம்மா அப்பா இருவரும் ஜப்பான்காரன் காலத்திலேயே போய்விட்டார்கள். எனக்கென்று இருந்தது என் அக்காள்தான். அவள் வீட்டில்தான் மூன்று வேளைச் சாப்பாடும். அவள் புருஷனை அத்தான் என்று கூப்பிடுவேன். அத்தான் சின்னத் துரையின் டிரைவர். சின்னத் துரை என்றால் தோட்டத்தின் உதவி மானேஜர், இங்கிலாந்திலிருந்து வந்து மூன்று வருஷம் ஆன வாலிபன். அவருக்கும் கிட்டத்தட்ட என் வயதுதான்.

மலாயாவில் வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டிருந்த சமயம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள், காட்டுக்கு வெளியே பட்டாளம், நடுவில் நாங்கள். நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, லயத்தை, சுற்றிக் கம்பி வேலி போட்டு, கேட்டில் ஆள் நிறுத்தியிருந்தார்கள். அரிசி ரேஷன். காட்டில் இருப்பவர்களுக்குச் சோறு போய்ச் சேரக்கூடாது என்பதற்காக வேலிக்கு வெளியே ஒரு பிடி அரிசி கொண்டுபோகக் கூடாது. பால் வெட்டப் போகிறவர்கள் மத்தியானச் சோற்றைக்கூட எடுத்துப் போக முடியாது. வெறும் வயிற்றோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு வருவார்கள். கேட்டில் நிற்பவன் பெண்களின் பால் வாளிக்குள் குச்சியை விட்டுக் கிண்டிப் பார்ப்பான். அதெல்லாம் பழகிப்போய், யாரும் வாய் திறப்பதில்லை.

ஒர்க்‌ஷாப்பில் எனக்கு அந்த வருஷம் ஒரே வேலை. லாரிகளுக்கும் துரைமார் வண்டிகளுக்கும் இரும்புத் தகடு அடிப்பது. ரோட்டோரத்திலிருந்து சுடுகிறார்கள் அல்லவா, அதற்காக. தகட்டைச் சுமத்தினால் வண்டி அப்படியே குந்திக்கொள்ளும். உடனே ஸ்பிரிங்கில் பட்டை கூட்ட வேண்டும். ஸ்பிரிங் என்றால் இப்போதைய சுருள் கம்பி இல்லை. வில் போல வளைந்த இரும்புப் பட்டைகள், ஒன்றன்மேல் ஒன்றாக, நீளத்தில் குறைந்துகொண்டே வரும். எந்த வண்டிக்கு எத்தனை பட்டை, எவ்வளவு வளைவு, எங்கே தேயும், எங்கே உடையும் என்பதெல்லாம் எனக்கு அந்த ஒரு வருஷத்தில் அத்துப்படி. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ரோட்டில் சாவடி போட்டிருந்த போலீஸ்காரர்களும் அதே வருஷத்தில் அதே பாடத்தைத்தான் படித்திருந்தார்கள். லாரியை நிறுத்தியதும் முதலில் குனிந்து பின்னால் ஸ்பிரிங்கைப் பார்ப்பார்கள். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே கையை விட்டு எத்தனை விரல் இடைவெளி என்று அளப்பார்கள். காலி லாரி என்று சொல்லிவிட்டு ஸ்பிரிங் தட்டையாக இருந்தால், பலகைக்குக் கீழே அரிசி மூட்டை இருக்கிறது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

சின்னத் துரையிடம் ஒரு கார் இருந்தது. ஊருக்குத் திரும்பிப்போன ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கியது. சண்டைக்கு முந்திய வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். பச்சை நிறம், கம்பிச் சக்கரம், கித்தான் கூரை, உடம்பைவிட நீளமான மூக்கு. வயதான வண்டிதான், ஆனால் எஞ்சின் சத்தம் கேட்டால் லயத்துப் பிள்ளைகள் சாப்பாட்டுத் தட்டை விட்டு எழுந்து ஓடும். எனக்கும் அந்தக் காரென்றால் பைத்தியம், ஒளிப்பானேன்? அதன் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு சும்மா பார்த்துக்கொண்டே நிற்பேன்.

பெரிய துரை, அதாவது மானேஜர், மூன்று மாத லீவில் சீமைக்குப் போனார். போகும்போது ஒர்க்‌ஷாப்புக்குக் கண்டிப்பான உத்தரவு எழுதிவைத்துவிட்டுப் போனார்: லாரிகளுக்குத் தகடு அடித்து முடிக்கும்வரை வேறு எந்த வண்டியையும் தொடக்கூடாது, முக்கியமாக அந்த விளையாட்டுக் காரை. பெரியவருக்கும் சின்னவருக்கும் ஆகாது. ஏற்கெனவே ஒரு தடவை எச்சரிக்கைக் கடிதம் கொடுத்திருந்தார், இன்னொரு தடவை என்றால் கப்பல் ஏற்றிவிடுவார் என்று ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி சொல்லிக்கொண்டிருந்தார்.

பெரியவர் போன மறுவாரமே சின்னத் துரை காரோடு ஒர்க்‌ஷாப்புக்கு வந்துவிட்டார். கையில் ஏதோ வெள்ளைக்காரப் பத்திரிகை. அதில் இதே மாதிரி கார் ஒன்று, வயிறு தரையைத் தொடுகிற மாதிரி, ஒரு வளைவில் பறந்துகொண்டிருந்தது. துரைக்குத் தமிழ் வரும். பரீட்சைக்குப் படித்த தமிழும் லயத்தில் பொறுக்கிய தமிழும் கலந்து பேசுவார். காரைக் காடி என்பார்.

"இந்தக் காடி இப்படி வேணும். கீழே. ரொம்பக் கீழே. தகடு போட்டா ஓடாது. கீழே இருந்தா, சீக்கிரம் ஓடினா, சுடறவனுக்குக் குறி கிடைக்காது. சரியா?"

சரியோ தப்போ, துரை சொன்னால் சரிதான். பெரிய துரையின் உத்தரவை ஞாபகப்படுத்தினேன். சிரித்தார். "அவர் வரும்போது காடி ஓடிக்கிட்டு இருக்கும். யார் குனிஞ்சு பாக்கறான்?" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "எப்படிச் செய்யலாம்? நீ என்ன சொல்ற?"

நீ என்ன சொல்கிறாய் என்று அதுவரை எந்த வெள்ளைக்காரனும் என்னைக் கேட்டதில்லை. கறுப்பனும் கேட்டதில்லை. அந்த ஒரு கேள்விக்கு நான் விலைபோய்விட்டேன்.

மூன்று வழி இருக்கிறது என்று விளக்கினேன். ஒன்று, இருக்கிற பட்டையில் ஒன்றைக் கழற்றிவிடுவது. அரை நாள் வேலை. கார் இறங்கும், ஆனால் தொளதொளவென்று ஆகிவிடும். நம் செம்மண் ரோட்டுக் குழியில் விழுந்தால் அடியில் இடிக்கும். இரண்டாவது, பினாங்குக் கம்பெனி மூலமாகத் தாழ்ந்த ஸ்பிரிங்கே வரவழைப்பது. எப்போது வரும் என்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். மூன்றாவது, எல்லாப் பட்டைகளையும் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றையும் சுத்தியலால் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டி வளைவைக் குறைத்து, அடியில் ஒரு பட்டையைக் கூடுதலாகச் சேர்ப்பது. கார் தாழ்ந்தும் இருக்கும், விறைப்பாகவும் இருக்கும். ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் ஒரே உயரத்தில் நிற்கும்.

துரைக்கு முதல் வழியே போதுமாக இருந்தது. நாளைக்கே வேண்டும் என்கிற ஆள் அவர். நான்தான் விடவில்லை. மூன்றாவதுதான் நல்லது, அதுதான் முறையான வேலை என்று கையை ஆட்டி ஆட்டிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்தேன். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். துரை என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. தேர்ந்தெடுத்தது நான்.

ஒர்க்‌ஷாப் சிமெண்டுத் தரையில் சாக்கட்டியால் பழைய வளைவை ஒரு கோடாகவும் புதிய வளைவை இன்னொரு கோடாகவும் வரைந்தேன். தண்டவாளத் துண்டு ஒன்றின்மேல் பட்டையை வைத்து, விரல் கனத்துக்கு விரல் கனம் நகர்த்தி நகர்த்தித் தட்டினேன். இருபது தட்டு, தரையில் வைத்துப் பார்ப்பது, மறுபடி இருபது தட்டு. அவசரப்பட்டால் பட்டையில் கீறல் விழும். கூடுதல் பட்டைக்கு உடைந்த லாரி ஸ்பிரிங் ஒன்றை வெட்டி எடுத்தேன். நாலாம் நாள் காரை ஜாக்கியிலிருந்து இறக்கியபோது அது தரையில் பதுங்கி உட்கார்ந்தது. துரை ஏறி நின்று குதித்துப் பார்த்தார். அசையவில்லை. என் தோளில் தட்டினார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை.

இப்போது அரிசிக் கதைக்கு வருகிறேன்.

சின்னத் துரை திங்கட்கிழமைகளில் பட்டாளத்து வண்டிகளோடு பாலிங் சாலையில் இருந்த எங்கள் கம்பெனியின் இன்னொரு டிவிஷனுக்குப் போவார். வெள்ளிக்கிழமை காலையில் அத்தான் தனியாகக் காரை ஓட்டிக்கொண்டு போய் அவரைக் கூட்டி வருவார். திரும்பும்போது துரைதான் ஓட்டுவார், அத்தான் பக்கத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அத்தானின் தாயார் அந்த டிவிஷன் லயத்தில் தனியாக இருந்தாள். கண் சரியில்லாததால் வேலைக்குப் பெயர் கொடுக்க முடியாது. ரேஷன் அவளுக்குப் போதவில்லை. அக்காள் தன் பங்கில் மிச்சம் பிடித்து, கட்டிப்பால் டின்னால் மூன்று டின் அரிசியை ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு வாராவாரம் கொடுத்துவிடுவாள். அத்தான் அதைச் சீட்டுக்குப் பின்னால் துணியால் சுற்றி வைத்துக்கொள்வார். துரை காரைச் சாவடியில் எவனும் சோதிப்பதில்லை. தூரத்தில் வரும்போதே குறுக்குத் தடியைத் தூக்கிவிடுவான். சலாமும் வைப்பான்.

எனக்கு இது தெரியாதா? அரிசியை அளந்து போடும்போது நான் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். அக்காள் ஒரு பிடி குறைத்துச் சாப்பிடுவதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாவடியில் ஸ்பிரிங்கைத்தான் பார்க்கிறான் என்றும் தெரியும். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க என் புத்திக்கு எட்டவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவனுக்கு லாரி வேறு, துரை கார் வேறு. துரை காரைக் குனிந்து பார்க்க ஒரு போலீஸ்காரனுக்குத் துணிச்சல் வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வேறு ஊர்க்காரன் யாராவது யோசித்திருப்பான். நாங்கள்தான் துரையின் நிழலுக்குக்கூட சட்டம் பொருந்தாது என்று நம்பி வளர்ந்தவர்கள்.

ஸ்பிரிங் மாற்றிய பிறகு மூன்று வெள்ளிக்கிழமை ஒன்றும் நடக்கவில்லை. நாலாவது வாரம் சாவடிக்குப் புதுப் போலீஸ்காரர்கள் வந்திருந்தார்கள். தெற்கே எங்கிருந்தோ வந்த பையன்கள், எந்தத் துரைக்கு எந்தக் கார் என்று அவர்களுக்குத் தெரியாது. உள்ளே ஒரே ஒரு தமிழன், கார் மட்டும் மட்கார்டு டயரைத் தொடுகிற மாதிரி குந்தியிருக்கிறது. காலி வண்டி ஏன் இப்படி இருக்கிறது என்று ஒருவன் கேட்டிருக்கிறான். "எப்பவும் இப்படித்தாங்க" என்று அத்தான் சொல்லியிருக்கிறார். அவரை இறங்கச் சொல்லி, சீட்டைத் தூக்கிப் பார்த்தான். பிஸ்கட் தகரம் கிடைத்தது.

மூன்று டின் அரிசிக்கு ஆறு மாதமோ ஒரு வருஷமோ ஜெயிலில் போட்டிருப்பார்கள். அதோடு போயிருக்கும். ஆனால் காரைச் சுங்கைப் பட்டாணி ஸ்டேஷனுக்கு இழுத்து வந்து வைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒரு தகரம் அரிசிக்கு இவ்வளவு தாழாதே என்று யோசித்து, மூன்று போலீஸ்காரர்களை ஏற்றி உட்கார வைத்திருக்கிறார்கள். கார் ஒரு விரல்கூட இறங்கவில்லை. இன்ஸ்பெக்டர் விவரம் தெரிந்த மனிதர். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். தட்டி நிமிர்த்திய பட்டையும், அடியில் சேர்த்த லாரிப் பட்டையும், எல்லாம் புத்தம் புதிய வேலை. எவ்வளவு பாரம் ஏற்றினாலும் வெளியே தெரியக்கூடாது என்றே யாரோ திட்டம் போட்டு ஸ்பிரிங் செய்திருக்கிறான் என்று அவர் முடிவு செய்தார். அவர் இடத்தில் நான் இருந்தால் நானும் அப்படித்தான் முடிவு செய்திருப்பேன். அதோடு மூன்று டின் அரிசி வாராவாரம் மூட்டை மூட்டையாகக் காட்டுக்குப் போன அரிசியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை என்னை ஸ்டேஷனுக்கு வரச்சொல்லி ஆள் வந்தான். போவதற்கு முன்னால் சின்னத் துரை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். கதவைச் சாத்தினார்.

"ஸ்பிரிங் யார் செய்யச் சொன்னான்னு கேப்பான். நீ சொல், டிரைவர் கேட்டான், நான் செஞ்சேன். அவ்வளவுதான்."

"துரை, நீங்க சொல்லித்தானே..."

"நான் சொன்னேன்னு தெரிஞ்சா பெரிய துரை என்னை அனுப்பிடுவார். நான் போயிட்டா டிரைவருக்காக யார் பேசறான்? நான் இருந்தாதான் அவனை வெளியே எடுக்கலாம். ஒரு வாரம். சரியா?" கதவைத் திறந்துகொண்டே, "சுத்தியல் பிடிச்சது நீ. அதையும் யோசி" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. ஒரு வாரத்தில் எடுத்துவிடலாம் என்று அவர் நிஜமாகவே நினைத்தார் என்றுதான் இன்றைக்கும் நம்புகிறேன். நான் அதை நம்பித்தான் போனேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். நான் நம்பவில்லை. பயந்தேன். சுத்தியல் பிடிச்சது நீ என்ற அந்த வார்த்தை போதுமாக இருந்தது. அவர் போனதும் மண்ணெண்ணெயை ஊற்றித் தரையில் இருந்த சாக்கட்டிக் கோடுகளைத் தேய்த்துத் தேய்த்து அழித்தேன். அதை ஏன் செய்தேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். உட்காரச் சொல்லி, தேத்தண்ணீர் கொடுத்து, மலாய் மொழியில் கேட்டார். ஸ்பிரிங்கை மாற்றியது நீயா? ஆமாம். யார் மாற்றச் சொன்னது?

ஜன்னலுக்கு வெளியே கார் நின்றுகொண்டிருந்தது, சக்கரம் இல்லாமல், கட்டையின்மேல்.

டிரைவர் என்று சொன்னேன்.

உன் துரைக்குத் தெரியுமா? தெரியாது என்றேன். எதற்காக இப்படி மாற்றச் சொன்னான்? சொல்லவில்லை என்றேன். அவர் எழுதினார். நான் கையெழுத்துப் போட்டேன். வெளியே வரும்போது வராந்தாவில் அத்தானைக் கை விலங்கோடு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். என்னைப் பார்த்ததும் சிரித்தார். நான் வந்து துரைதான் மாற்றச் சொன்னார் என்று சொல்லிவிட்டேன், இனி விவகாரம் முடிந்தது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். நான் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கினேன்.

நாலைந்து நாள் கழித்து லாக்கப்பில் பார்க்க விட்டார்கள். அக்காள் கொடுத்தனுப்பிய சட்டையையும் வெற்றிலையையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். கம்பிக்கு அந்தப் பக்கம் அத்தான் தாடியோடு நின்றார். நான் எழுதிக் கொடுத்ததை இன்ஸ்பெக்டர் அவருக்குப் படித்துக் காட்டிவிட்டிருந்தார்.

"தொரை சொல்லச் சொன்னாரா மாப்ள?" என்றார்.

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"நீயும் பயந்துட்ட."

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். காறித் துப்பியிருந்தால் இன்னும் நன்றாயிருக்கும். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிட்டே வந்தார்.

"சரி வுடு. ஒங்கக்கா வந்து பாத்தா நான் சொல்லிக்கிறேன். ஸ்டேஷன்ல பாத்தப்பவே நாம ரெண்டு பேரும் பேசி வச்சிக்கிட்டோம்னு சொல்லிடறேன். நான் உள்ள போறேன், நீ வெளிய இருந்து அவளப் பாத்துக்கன்னு நான்தான் சொன்னதா. இல்லாட்டி அவ ஒன் மூஞ்சில முழிக்க மாட்டா. அவளுக்குப் பொறந்த வூடுன்னு நீ ஒருத்தன்தானே இருக்க."

அக்காளிடம் அப்படியே சொல்லியிருக்கிறார். அவள் வந்து என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எப்போதும் போல எனக்குச் சோறு போட்டாள். அந்தச் சோற்றை நான் சாப்பிட்டேன்.

ஒரு வாரம் என்று சொன்ன துரை, அத்தானை விடச் சொல்லி எழுதிக் கேட்டார், நேரிலும் போனார். அதெல்லாம் நடந்தது. ஆனால் ஸ்பிரிங்கைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. அதைச் சொல்லாமல் மற்றதையெல்லாம் சொல்லி என்ன பயன்? அத்தானை வழக்கு விசாரணை இல்லாமல் அடைத்துவைக்கும் முகாமுக்கு அனுப்பினார்கள். மறுபரிசீலனை மனு போடலாம் என்றார்கள். அக்காள் என்னைத்தான் எழுதச் சொன்னாள். நான் எழுதினேன், கண் தெரியாத தாயாரைப் பற்றி, ரேஷனைப் பற்றி, அவர் நல்ல குணத்தைப் பற்றி, இரண்டு பக்கம். ஸ்பிரிங்கைப் பற்றி ஒரு வரி எழுதியிருந்தால் போதும். பேனாவை அந்த இடத்தில் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். முன்பு பொய் சொன்னேன் என்று இப்போது எழுதினால் என்னையும் பிடித்து உள்ளே போடுவான். அப்புறம் அக்காளுக்கு யார் இருக்கிறார்கள்? அத்தான் எனக்குக் கொடுத்த சாக்கையே எடுத்து நான் என் பயத்துக்குப் போர்த்திக்கொண்டேன்.

பெரிய துரை லீவு முடிந்து வந்தார். கார் விற்றுப் போயிருந்தது. ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார்த்துவிட்டு, லாரித் தகடுகள் நன்றாக அமைந்திருப்பதாகச் சொன்னார். அவரிடமாவது சொல்லியிருக்கலாம். சின்னத் துரை அந்த வருஷக் கடைசியில் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போனார். அவர் போன பிறகாவது சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு நாளும், நேற்றே சொல்லியிருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும் என்று தோன்றும். அப்படித் தோன்றிக்கொண்டிருக்கும்போதே நாடு கடத்தும் உத்தரவு வந்துவிட்டது.

எந்த நாட்டிலிருந்து எந்த நாட்டுக்குக் கடத்துகிறார்கள்? அத்தான் பிறந்தது பாலிங் பக்கம். அவருடைய அப்பா சேலம் ஜில்லாவிலிருந்து வந்தவர், அவ்வளவுதான் உறவு. பினாங்குத் துறைமுகத்தில் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். அக்காளும் கூடப் போகத் தயாராக இருந்தாள். ஆனால் மாமியாரை யார் பார்ப்பது? கிழவியைத் தன் வீட்டுக்குக் கூட்டிவந்து வைத்திருந்தாள். அவள் காலம் முடிந்ததும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள். இரண்டு கடிதம் வந்தது. இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கொள்ளவில்லை, நம்ம ஊர் மாதிரி மழை இல்லை, டிரைவர் வேலைக்கு லைசென்ஸ் கேட்கிறான் என்று இருந்தது. இரண்டிலும் மாப்பிள்ளையை விசாரித்ததாகச் சொல்லவும் என்று கடைசி வரி. மூன்றாவது கடிதம் வேறு யாருடைய கையெழுத்திலோ வந்தது. வயிற்றுப்போக்கு, மூன்று நாள் கிடந்தார் என்று இருந்தது. அதை அக்காளுக்கு நான்தான் படித்துக் காட்டினேன். அவளுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.

பிறகு அவள் என்னோடுதான் இருந்தாள். எனக்குக் கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் வந்தார்கள், தோட்டத்தை விட்டுச் சுங்கைப் பட்டாணியில் சொந்தமாக ஒரு ஒர்க்‌ஷாப் போட்டேன். கார்களுக்கு ஸ்பிரிங் வேலை வந்தால் வேறு கடைக்கு அனுப்பிவிடுவேன். தாழ்த்தித் தரச் சொல்லி எத்தனையோ வாலிபர்கள் வந்தார்கள், எல்லாரையும் விரட்டிவிட்டேன். எனக்குக் கிறுக்கு என்று பேசிக்கொண்டார்கள். அக்காள் என் பிள்ளைகளைத் தூக்கி வளர்த்தாள். நான் அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வருஷத்துக்கு இரண்டு சேலை, கோயிலுக்கு, வைத்தியத்துக்கு என்று எல்லாம் செய்தேன்.

ஒரு காலை நேரம், அவளுக்கு அறுபது தாண்டியிருக்கும், சமையல்கட்டு வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் நாற்காலியில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். தலை நிமிராமலே கேட்டாள்.

"தம்பி, அன்னிக்கி ஸ்டேஷன்ல நீயும் அவரும் பேசி வச்சித்தானே அப்படிச் சொன்னீங்க?"

முப்பது வருஷத்துக்கு மேல் ஆகி, அவள் அதைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. பேப்பரை மடித்தேன்.

"ஆமாக்கா."

நெத்திலியின் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள்.

"அவரு சம்மதிச்சாரா? என்னை விட்டுட்டுப் போறதுக்கு?"

மடித்த பேப்பரை நான் மறுபடி மடித்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலியே அவருக்கு. ஒன் வேலை பெருசு, ஒன் எதிர்காலம் பெருசு. சரி, அது சரிதான். ஆனா நான் ஒருத்தி இருக்கேன்னு நெனச்சிருந்தா அவ்ளோ லேசா குடுத்துட்டுப் போயிருப்பாரா? இத்தனை வருஷமா அதான் தம்பி எனக்கு. செத்தவர் மேல கோவப்படக் கூடாதுன்னு பாக்கறேன், முடியல."

முறத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அவர் உன்னை விட்டுக்கொடுக்கவில்லை அக்கா, நான்தான் அவரை விட்டுக்கொடுத்தேன் என்று சொல்ல, அவள் கண்ணை மூடும்வரை, அதற்குப் பிறகும் எனக்குப் பதினொரு வருஷம் இருந்தது.